நடுவில் வைத்த வான் சாவி

என் கணவரும் அவருடைய அண்ணனும் லண்டனில் சேர்ந்து இரண்டு மரக்கறிக் கடைகள் வைத்திருந்தார்கள். ஒன்று எங்கள் வீடுகளுக்குக் கிட்ட, கிங்ஸ்பரியில். மற்றது நகரத்தின் மறுகோடியில், பார்க்கிங் என்கிற ஊரில். ஊரில் யுத்தத்தோடு எல்லாம் முடிந்துபோன 2009 வைகாசிக்குப் பிறகு எங்கள் ஆட்களில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, நான் அத்தான் என்று கூப்பிடும் அந்த அண்ணன் இவரைக் கேளாமல் ஒரு பெரிய ஃபிரீசர் வாங்கினார். வந்தது வினை. "தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேறை. பிரிப்பம்" என்றார் இவர்.

பிரிக்கலாம்தான், ஆனால் இரண்டு பேரும் கிங்ஸ்பரியைத்தான் கேட்டார்கள். பேச்சு நின்றது. முன்பெல்லாம் விடியற்காலையில் கடைச் சாமான் ஏற்றும் ஒரே வானில் மொத்தச் சந்தைக்குப் போய், ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். இப்போது அத்தான் தனியாக வானில் போனார். இவர் வேறு யாருடையதோ வண்டியில் தொற்றிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்தபடி இருப்பார். கடை எக்கேடு கெட்டும் போகட்டும், இந்த மனிதருக்கு அண்ணனை விட்டால் வேறு யார் என்பதுதான் என் கவலை.

நான் சிறுவயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போய், சாக்சனிப் பக்கம் படித்தவள். அங்கே பள்ளிக்கூடத்தில், அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட டியூக்குகளின் குடும்பச் சண்டைகளை உருப்போட வைத்தார்கள். அது ஒருநாள் உதவுமென்று யார் கண்டது?

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்த நேரம், இரண்டு பேரையும் ஹரோவில் எங்கள் வீட்டு மேசையில் இருத்தினேன்.

"அங்கை டியூக் அண்ணனும் தம்பியும் நாட்டைப் பிரிச்சவை, அத்தான். மூத்தவர் இரண்டு பங்காப் பிரிக்கவேணும். இளையவர் முதல் எடுக்கவேணும். அதுதான் முறை."

"நல்ல முறை! மூத்தவன் மாரடிக்க, இளையவன் அள்ளிக்கொண்டு போறதோ?" என்று சீறினார் அத்தான். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரி, டியூக்குக்கு ஏலுமெண்டால் எனக்கும் ஏலும்."

சாவிகளை எடுத்தார். ஒரு பக்கம் கிங்ஸ்பரிச் சாவி. மறுபக்கம் பார்க்கிங் சாவி, அது தூரமென்பதால் அதனோடு வான் சாவியும். இவர் கையை நீட்டப்போனார்.

"பொறடா" என்ற அத்தான் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்த இரண்டு பேருக்கும் பிறகு என்ன நடந்தது?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பிள்ளையளின்ர காலத்தில சமயம் இரண்டுபட்டுது. அண்ணன் வீட்டுக்காரர் புதுச் சமயத்தின்ர பக்கம். தம்பியின்ர மகன் பழையதை விடேல்லை. பேரப்பிள்ளையள் ஆளுக்காள் படை திரட்டிச்சினம். தம்பி வழி, அண்ணன் வழியின்ர பட்டத்தைப் பறிச்சுது."

ஐயோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் முகம் செத்துப்போனது.

"ஒண்டையும் பொதுவா விடேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார் அத்தான்.

"வெள்ளிச் சுரங்கத்தை விட்டவை. அது இரண்டு பேருக்கும்."

அத்தான் வான் சாவியைத் தூக்கி மேசை நடுவில் வைத்தார். "இது சுரங்கம். இப்ப எடடா."

இவர் பார்க்கிங் சாவியை எடுத்தார். "உங்களுக்கு விசரோ? ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரம் ஓடுறதோ?" என்று கத்தியே விட்டேன்.

"கிங்ஸ்பரியைத் திறந்தது அண்ணை. அவரின்ர கையால போட்ட சாமான் தட்டுகள். நான் எப்பிடி எடுக்கிறது?" என்றார் இவர். அத்தான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வெளிச்சம் வருமுன்னே வாசலில் வானின் ஹோர்ன் கேட்டது. "அண்ணை வந்திட்டார், வாறன்" என்று இவர் ஒரு கால் சப்பாத்தோடு ஓடினார். மற்றச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். வானுக்குள் அத்தான் பிளாஸ்கைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு கப் இருந்தன.