வாளிக்குள் புது உறை

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு மாதிரி எடுக்கிற வேலை. வாளிக்குள் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் உறையை விரித்து, விளிம்பை வெளியே மடக்கிவிட்டுக் கிணற்றில் இறக்குவேன். தண்ணீர் உறையில் மட்டுமே படும். அதன் வாயைக் கட்டி ஐஸ் பெட்டியில் வைப்பேன். அடுத்த கிணற்றுக்கு வேறு உறை. அவ்வளவு சுத்தம் பார்க்கிற பிழைப்பு.

அஞ்சுகிராமம் பக்கம் ஒரு வீடு. பக்கத்துக் கோழிப்பண்ணையின் கழிவுக்குழி தங்கள் கிணற்றுக்குள் கசிகிறது, மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று அந்த வீட்டுக்காரி மனு மேல் மனு கொடுத்திருந்தாள். தண்ணீரில் கிருமி இருந்தால் குழியை மூட உத்தரவு வரும். அதுவரை கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

நான் போனபோது முற்றம் கழுவியிருந்தது. கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மூடியைத் திறந்ததும் குப்பென்று நெடி.

“கிணத்துல என்னத்தயாவது போட்டீங்களா?”

“பிளீச்சிங் பவுடரு சார். ஆபீசுலேருந்து ஆளு வராவல்லா, நாறுன தண்ணியவா காட்டச் சொல்லுதிய? நேத்தே வாங்கிக் கலக்கிட்டேன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. விருந்தாளி வருகிறார் என்று கிணற்றையே துடைத்து வைத்திருக்கிறாள் பாவி. கிருமி செத்த தண்ணீரில் நான் என்னத்தைப் பிடிப்பது? இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். சாட்சிக்கு நின்ற பண்ணைக்காரன் விடவில்லை.

“ரெண்டு தரப்புக்கும் நோட்டீஸ் குடுத்த நாளு சார். இன்னைக்கே எடுங்க. அக்கா எவ்வளவு சுத்தமா வச்சிருக்காவ பாருங்க.”

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். ஒரு மனுவுக்கு ஒரு மாதிரிதான், எடுத்துக்கொண்டு வா என்றார். பிளீச்சிங் போட்டதை எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்த அறிக்கையில் அந்த வரியைக் காணவில்லை. ‘குடிக்க உகந்தது’ என்று மட்டும் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் என்னையே அனுப்பினார்கள்.

அவள் கணவன் வாசித்தான். “ஏட்டி, இந்தத் தண்ணி இருக்கையிலயா இவ்வளவு நாளும் கேன் வாங்க வச்ச?”

நான் கத்தினேன். “பிளீச்சிங் வேகம் இப்போ போயிருக்கும். குழி அப்படியேதான கிடக்கு? பிள்ளைக்குக் குடுக்காதீங்க.”

“அப்போ இந்தப் பேப்பரு பொய்யா சார்? உங்க ஆபீசு சீலுதான இது?”

கிணற்றில் இறைத்து, டம்ளரை மகளிடம் நீட்டினான். சிறுமி வாங்கி வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

“குடி, மக்களே,” என்றாள் அம்மா. “நல்ல தண்ணின்னு எழுதித் தந்தாச்சுல்லா.”

சிறுமி குடித்தாள்.