படிக்காமல் தள்ளிய மூன்று வரி

அல்மாட்டியில் ரௌஷானிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருவது "முடியாது". அவள் வேலையே அதுதான். கொதிகலன் கூடங்களிலிருந்து வீடுகளுக்குச் சூடுநீர் அனுப்பும் பம்புகளுக்கு அவள் அலுவலகம் மென்பொருள் செய்கிறது. புதிய ஆறாம் பதிப்பில் நாள்தோறும் எதையாவது திருத்திக்கொண்டே இருப்பார்கள். அதில் எது பழைய நாலாம் பதிப்புக்குள்ளும் போகலாம் என்று முடிவு செய்பவள் ரௌஷான். வடக்கே நாற்பது கூடங்கள் இன்னும் நாலில்தான் ஓடுகின்றன.

மூன்று குளிர்காலத்துக்கு முன் "ரெண்டே வரிதான்" என்று ஒருவன் நீட்டியதை நம்பி உள்ளே விட்டாள். ஆறில் நேரத்தை மில்லி விநாடியில் எண்ணுவார்கள், நாலில் விநாடியில். ஒருவரும் கவனிக்கவில்லை. மைனஸ் முப்பதில் ஒரு சிற்றூரின் பம்புகள் நான்கு மணி நேரம் நின்றுவிட்டன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? அன்றிலிருந்து அவளுக்கு எல்லாத் திருத்தமும் எமன்தான்.

அக்டோபரில், கூட வேலை செய்யும் இளைஞன் தௌரென் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். வெப்பமானி செத்துப்போனாலும் பம்பு கடைசியாகப் பார்த்த எண்ணையே நம்பிக்கொண்டிருந்தது, அதற்கு மருந்து. தள்ளிவிட்டாள். ஜனவரியில் மறுபடி வந்து நின்றான்.

"அக்கா, மூணே வரி. இதுக்குமா பயம்?"

"அன்னிக்கு ரெண்டே வரிடா. வடக்க யாராவது புகார் சொன்னாங்களா? அப்புறம் என்ன?"

அவன் கோப்பையில் விளிம்பு வரை தேநீர் ஊற்றினாள். அந்த ஊரில் நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம்.

"புரியுது தாயே" என்று குடிக்காமலே போனான்.

மறுநாள் காலை வடக்கிலிருந்து கொதிகலன் கூடத்து ஜெய்னெப் கூப்பிட்டாள்.

"உங்க திரையில எழுபது டிகிரி காட்டுதும்மா. குழாயில கை வெச்சா ஜில்லுன்னு இருக்கு. ராத்திரியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கையாலதான் பம்பு ஓட்டுறோம். எதிர்ல பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு."

"இதான் முதல் தடவையா?"

"நவம்பர்லயும் ஆச்சு. மெஷின்னா அப்படித்தான்னு விட்டுட்டோம். யார்கிட்ட போய்ச் சொல்றது?"

ரௌஷான் ஃபோனை வைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போய்த் திரும்பினாள், தௌரெனைக் கூப்பிட்டாள். அந்த மூன்று வரியை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தாள்.

"இது என்னடா ஐயாயிரம்?"

"வெப்பமானி அஞ்சு விநாடி பேசலைன்னா அலறணும்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ! நாலுல அது ஐயாயிரம் விநாடி, எண்பத்து மூணு நிமிஷம்."

"ஆக, நான் பயந்தது தப்பில்ல. படிக்காமத் தள்ளினேன் பாரு, அதான் தப்பு."

ஐயாயிரத்தை ஐந்தாக்கினார்கள். சோதனை மேசையில் பம்பை ஓடவிட்டு, வெப்பமானிக் கம்பியைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். ஐந்தில் மணி அலறியது.

மதியம் அனுப்பினார்கள். மூன்று மணிக்கு, புது வெப்பமானி மாட்டி, வேண்டுமென்றே அதன் கம்பியைப் பிடுங்கிப் பார்த்ததாகவும் அலறியதாகவும் ஜெய்னெப் சொன்னாள். திருத்தக் குறிப்பில் ரௌஷான் எழுதினாள்: 'அக்டோபரிலேயே போயிருக்க வேண்டியது. படிக்காமல் தடுத்தவள் நான்.'

"இதெல்லாம் எதுக்குக்கா? ஊரே படிக்கும்."

"படிக்கட்டும்."

அவள் தள்ளிவைத்தவை இன்னும் இருநூற்றுப் பதினொன்று கிடந்தன. எந்த ஊரில் யார் குழாயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்களோ! முதலாவதைத் திறந்துவைத்துவிட்டு, தௌரெனின் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். இந்த முறை பாதிதான் ஊற்றினாள்.