கடைசிப் பத்தி

ஞானசேகரன் செம்பூரில் ஒரு ரேடியோ கம்பெனியில் டெக்னீஷியன். வீடு தாராவியில். மாட்டுங்காவிலிருந்து நான் நடத்திய தமிழ் மாத இதழில், விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர்களுக்கு விமர்சனம் எழுதுவார். கம்பெனிக்காரர்கள் அனுப்பும் பெட்டியைப் பதினைந்து நாள் வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்பார். பிறகு மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பார். எடுத்ததும் குறையைத்தான் எழுதுவார். ஒரு ஸ்பீக்கரைப் பற்றி, "இதில் நாதஸ்வரத்துக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது" என்று ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி அதோடு விளம்பரத்தை நிறுத்திவிட்டது.

எனக்கு எரிச்சல். "நல்லதை முன்னாடி சொல்லுங்கோ, ஞானம். குறையைக் கடைசியில வச்சுக்கலாம், யார் வேண்டாம்னா?" என்றேன். அவருக்கு மனசில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

1986 ஜூன் இதழுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வந்தது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்று மெச்சி எழுதினார். கடைசிப் பத்தியில், உலோகப் பெட்டிக்கு எர்த் இணைப்பே கொடுக்கவில்லை, ஈரக்கையால் தொட்டால் ஷாக் அடிக்கலாம், சரிசெய்யும்வரை யாரும் வாங்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். அச்சுக்குப் போகிற அன்று அந்த ஆம்ப்ளிஃபையர் கம்பெனியின் விளம்பரம் வந்தது. பக்கத்தில் இடம் போதவில்லை. அச்சகத்தில் எப்போதும் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். "நாலு வரி வெட்டணும் சார்" என்றார்கள். வெட்டச் சொன்னேன். எந்த நாலு வரி என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன்.

இதழைப் பார்த்ததும் ஞானசேகரன் சண்டைக்கு வந்தார். அடுத்த மாதம் திருத்தம் போடுவதாகச் சொல்லிச் சமாளித்தேன். போடவில்லை.

ஜூலைக் கடைசியில் அவரைச் சமாதானப்படுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது பக்கத்துத் தெருவில் தோல் பட்டறை வைத்திருந்த, என்னையும் அறிந்த அப்துல் வாஹித் வந்தார். கையில் எங்கள் ஜூன் இதழ். அவர் மனைவி ஹபீபா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குள் சாரல் அடித்ததென்று, ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையரை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள்.

"நீங்க எழுதுனத நம்பித்தான் வாங்குனேன், அண்ணாச்சி. ஷாக் அடிக்கும்னு ஒரு வார்த்தை எழுதலியே. பொட்டியத் தொறந்து பாக்கலியா?"

ஞானசேகரனின் முகம் வெளிறிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம். என் பக்கம் அவர் பார்க்கக்கூட இல்லை.

"பாத்தேன். எம் பேருலதான வந்திருக்கு. தப்பு என்னோடதுதான்" என்றார்.

வாஹித் இதழை மடித்துத் தரையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சார், நீங்க பத்திரிகை நடத்துதீங்க. இந்த மாதிரி ஆளுகள எழுத விடாதீங்க."

நான் தலையாட்டினேன்.