வெகுளாப் பானுமதி

சாக்கை இன்னொரு மடிப்பு மடிக்கிறார் பானுமதி. செம்மேட்டுச் சந்தையில் அந்தச் சாக்கின்மேல்தான் அவர் வாழைப்பழம் விற்கிறார். பக்கத்தில் தக்காளி விற்கும் செல்வம் மலையடிவாரத்துக்காரன். வாராவாரம் தன் கூடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைப்பான். இவர் ஒரு மடிப்பு மடித்துக்கொள்வார். பின்னால் சாக்கடை. இனியும் மடித்தால் சீப்புகளை மடியில் வைத்துத்தான் விற்கவேண்டும்.

பானுமதிக்கு மலைமேல் குண்டூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் சிறு தோட்டம், மிளகுக் கொடிகளுக்கு நடுவே வாழை. தார்களைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்து முதல் பஸ்ஸில் ஏற்றுவார். கண்டக்டர் முணுமுணுத்தால், "தாரு உக்காரட்டுங்க, நான் நின்னுக்கறேன்" என்பார். பழத்தை அமுக்கிப் பார்ப்பவரிடம், "மெல்ல சாமி, அதுக்கும் வலிக்குமில்ல." அவ்வளவுதான். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"எங்கத்தை வெகுளிங்க," என்று மருமகள் தேன்மொழி, பழம் வாங்கப் போன என்னிடம் தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் மடியில ஏறி உக்காந்தாலும் விசிறி விடும்."

ஊர்ப்பேச்சில் வெகுளி என்றால் கள்ளமறியாதவர். பழந்தமிழில் அது கோபம். கோபமற்றவரைச் சொல்ல ‘வெகுளா’ என்றொரு சொல் உண்டு. ஆங்கிலத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டும் அகராதியை விட்டு வெளியே வருவதில்லை. நான் இதைச் சொன்னதும் பானுமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அப்ப இத்தன நாளும் என்னையக் கோவக்காரின்னா கூப்புட்டீங்க?"

"ஒருக்கா கத்துனாத்தான் என்னங்கத்தை?" என்றாள் தேன்மொழி.

"கத்துனா எடமா வரும்? சத்தந்தான் வரும்."

அடுத்த சந்தைக்குக் கூடை இன்னும் நெருங்கி வந்திருந்தது. "ஏனுங்க வெகுளியக்கா, இன்னொரு மடிப்புப் போட்டுருங்க," என்றான் செல்வம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பானுமதியும் சிரித்தார். சீப்புகளைத் தேன்மொழியிடம் கொடுத்துவிட்டு, மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். விரிந்த சாக்கு கூடையில் போய் முட்டியது.

"கண்ணு, சித்த தூக்கு."

பழம் விற்கும் அதே குரல். செல்வம் சுற்றுமுற்றும் பார்த்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. குனிந்து கூடையைத் தூக்கினான்.

அவன் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க, பானுமதி சாக்கை முழுதாக விரித்து, பழைய மடிப்பின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, மூலையில் ஒரு எடைக்கல்லை வைத்தார்.