கன்னியப்பன் விற்காத டயர்கள்

செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டதற்குக் கீழே அது இருந்தது: ‘சி.டி.எச். ரோடு டயர் கடை கன்னியப்பன் காலமானார். மாரடைப்பு.’ நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே ஒருவர், ‘மோசமான டயரை வித்து ஆக்ஸிடென்ட் ஆச்சே, அந்த ஆள்தானே?’ என்று கேட்டிருந்தார். ‘அவரேதான்’ என்று இன்னொருவர் பதில் எழுதியிருந்தார்.

அந்த விபத்து என்னுடையது. அந்த டயர்களைக் கன்னியப்பன் விற்கவில்லை. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். கணினி வேலைக்காகச் சென்னை வந்து, திருமுல்லைவாயிலில் அடுக்குமாடி வீடு வாங்கி, நாற்பத்தாறாவது வயதில் ஒரு ஜெர்மன் காரும் வாங்கினேன். பழைய கார்தான். ஆனால் மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும் வேகம். அதன் டயர்களைக் காட்டத்தான் முதன்முதலில் கன்னியப்பன் கடைக்குப் போனேன். அவருக்கும் ஏறத்தாழ என் வயது. வண்டியின் அழகைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, பின்பக்க டயரின் ஓரத்தில் இருந்த நான்கு எண்களைப் படித்தார். தயாரித்த வாரமும் வருடமும் அதில் இருக்குமாம். பிறகு நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்த்தார்.

“பட்டன் நல்லாத்தான் கீது சார். ஆனா ரப்பர் கட்டையா பூட்ச்சு. காய்ஞ்ச ரோட்ல ஒண்ணும் தெரியாது. மழையில பிடி உட்ரும்.”

பட்டன் என்று அவர் சொன்னது டயரின் மேல் வரிகளை. என்ன டயர் போடலாம் என்று கேட்டேன். பதிலுக்கு அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார். தினம் எவ்வளவு தூரம் போவீர்கள், மழையில் ஓட்டுவீர்களா, வேகம் பிடிக்குமா, பக்கத்தில் யார் உட்காருவார்கள். கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்டேன். “தனியா போறவனுக்கு ஒரு மாதிரி சொல்வேன், குடும்பத்தோட போறவனுக்கு ஒரு மாதிரி சொல்வேன்” என்றார். என் வண்டிக்குப் பின்சக்கரங்களில்தான் இழுவை. பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலம், விலையும் அதிகம். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் ஒரு வகையைக் காட்டி, நான்கையும் அதிலேயே போடச் சொன்னார். இரண்டு மட்டும் இப்போது மாற்றலாமா என்றேன். “ரெண்டுதான்னா பின்னாடி ரெண்டு போடு. முன்னாடி மட்டும் புதுசு போட்டுகினு வேகமா போவாத. வண்டி உன்னிய சுத்தி உட்ரும்” என்றார். நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய அவருடைய வாசகத்தையும் அன்றுதான் கேட்டேன்: “இஞ்சின் ஓட்றதுக்கு. டயர் நிக்கிறதுக்கு. நிக்கத் தெரியாத வண்டிக்கு வேகம் எதுக்கு சார்?”

இனிமையான மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவர் பேசும்போது போனைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருமுறை காற்றடிக்கப் போயிருந்தேன். பழைய டயர்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒருவர், கழற்றிப் போட்டிருந்த டயர்களுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் பதில் சொல்லாமல் கத்தியை எடுத்து, ஒவ்வொரு டயரின் பக்கவாட்டையும் அந்த ஆளின் கண்ணெதிரே கிழித்தார். “இத்த பாலிஷ் போட்டு எவனோ ஒரு டாக்ஸிக்காரன் தலையில கட்டுவ. அவனுக்கு ஊடு வாசல் இல்லியா?” வந்தவர் திட்டிக்கொண்டே போனார். கன்னியப்பன் மிச்சத்தையும் கிழித்து முடித்துவிட்டுத்தான் என் பக்கம் வந்தார்.

நான் அவரிடம் டயர் வாங்கவில்லை. பூந்தமல்லி பக்கம் ஒரு சாலையோரக் கடையில், அளவு கொஞ்சம் குறைந்த, பேர் தெரியாத இரண்டு டயர்களை வாங்கி முன்னால் மட்டும் மாட்டிக்கொண்டேன். மிச்சம் பிடித்ததில் சக்கரங்களுக்குக் கறுப்புப் பளபளப்புப் பூச்சு அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கவிதா கேட்டாள்.

“நாலும் மாத்தியாச்சுல்ல? அந்தக் கன்னியப்பன் கடையிலதான?”

“ஆமா” என்றேன்.

ஐப்பசி மழையில், வெளிவட்டச் சாலையில், நெமிலிச்சேரிக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் என்னை விட்டுப் போனது. இரண்டு சுற்று சுற்றி, கவிதா உட்கார்ந்திருந்த பக்கமாகத் தடுப்புச் சுவரில் மோதியது. எனக்கு மணிக்கட்டில் ஒரு விரிசல். அவளுக்கு இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. மூன்று அறுவை சிகிச்சைகள். ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், இன்று படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறுகிறாள்.

மருத்துவமனை வராந்தாவில், எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் அவளுடைய தம்பி சரவணன் என்னைக் கேட்டான். “டயர் இப்பத்தான மாத்துனீங்க அத்தான்? எந்தக் கடை?” கவிதாவிடம் சொன்ன பொய்யைத்தான் அவனிடமும் சொல்ல முடிந்தது. மறுவாரம் அவன் என்னையும் அழைத்துக்கொண்டு கன்னியப்பன் கடைக்குப் போனான். என் கையில் கட்டு இருந்தது. கடையில் ஐந்தாறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அன்று அங்கே நின்றிருக்கக்கூடும்.

சரவணன் அவர் சட்டையைப் பிடித்தான். “எங்கக்கா நடக்க முடியாம கெடக்கா. என்ன டயர்யா வித்த நீ?”

கன்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. பின்னால் நின்ற என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. “சார், நீ சொல்லு சார்” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். அந்த வண்டியில் தன் கடை டயர் ஒன்றுகூட இல்லை என்று ஒரே வரியில் அவர் சொல்லியிருக்கலாம். சரவணனின் கையைச் சட்டையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, “அவங்களுக்குக் கால் இப்ப எப்டி கீது?” என்று மட்டும் கேட்டார். சரவணனுக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பட்டது. அன்றைக்கே குழுவில் எழுதிவிட்டான், அந்தக் கடைக்கு யாரும் போகாதீர்கள் என்று. அது பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் போனது. அம்பத்தூர் வரை போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான்கு மாதம் கழித்துத் தனியாக அவர் கடைக்குப் போனேன். பாதிக் கடையை மொபைல் உறை விற்பவருக்கு விட்டிருந்தார். வேலை செய்த இரண்டு பேரும் இல்லை. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“மன்னிப்பெல்லாம் வெச்சுகினு நான் இன்னா பண்றது? உங்க குரூப்ல ஒரு வரி எழுது. டயர் அவர் கடையில வாங்கலன்னு, அவ்ளோதான். ஏன், எதுக்குன்னு ஒண்ணும் எழுத வாணாம்.”

“இன்னைக்கே எழுதிடறேன்” என்றேன்.

அன்று எழுதினேன், அழித்தேன். மறுநாளும் அப்படியே. கவிதாவுக்கு அப்போது மூன்றாவது அறுவை சிகிச்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்ததும் வேறு காரணம் கிடைத்தது. அவர் கடையைத் தாண்டிப் போகாமலிருக்க, ஆவடிக்குச் சுற்றுவழியில் போய் வரப் பழகினேன். அவர் என்னைத் தேடி வரவில்லை. போன் செய்யவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குழுவில் வந்த பதில்களைப் படித்துவிட்டுக் கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். “சரவணன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள். கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்த வீட்டுக்குப் போயிட்டு வாங்க” என்றாள். அதன் பிறகு இன்றுவரை தேவைக்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை.

கன்னியப்பன் வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. காரியம் இன்னும் முடியவில்லை. அவர் மனைவி தேவகி பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் யார் என்று சொல்லத் தொடங்கினேன். பேர் சொல்லுமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அன்னிக்கே வந்து சொன்னாரு சார். ஏன்யா வாயத் தொறக்கலன்னு கேட்டேன். அந்தாளு நின்ன நெலையப் பார்த்தா, சொன்னா தூக்கு மாட்டிப்பான் போல இருந்துச்சுன்னாரு. அதான் உட்டாராம்.”

தேவகி தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை.

“அப்பால நீங்க எழுதறேன்னு சொன்னீங்களாம். உங்க பில்டிங் ஆளு யாரு காத்து அடிக்க வந்தாலும், குரூப்ல எதுனா வந்துச்சான்னு கேட்டுகினு இருப்பாரு. ரொம்ப நாளு கேட்டாரு. அப்புறம் கேக்கறத உட்டுட்டாரு.”

கன்னியப்பன் கேட்ட வரியை வீட்டுக்குத் திரும்பியதும் குழுவில் போட்டேன். இப்போது இங்கே முழுதாகவும் எழுதிவிட்டேன். கடையில் மிச்சமிருந்த டயர்களை விற்றுத் தரட்டுமா என்று தேவகியிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

கன்னியப்பனை அறிந்தவர்கள் அவரிடமிருந்து ஆளுக்கொன்றை வைத்திருப்பீர்கள். அவருடைய சொல்லையோ, கோபத்தையோ, அவர் சரிபார்த்து அனுப்பிய பயணம் ஒன்றையோ. அதிலெல்லாம் எனக்குப் பங்கில்லை. ஒரு நாள் எங்கள் குடியிருப்பிலிருந்து யாரோ காற்றடிக்க வந்திருக்கிறார். கன்னியப்பன் முதன்முறையாகக் குழுவைப் பற்றி எதுவும் கேட்காமல் காற்றை அடித்து அனுப்பியிருக்கிறார். அது எந்த நாள் என்று தேவகிக்கும் தெரியவில்லை. அந்த நாளைத்தான் நான் வைத்திருக்கிறேன்.