இறங்காமல் வரைந்த ஆறு

கொடியைத் தப்பான இடத்தில் நட்டு ஏழு பேரை ஆற்றுக்குத் தின்னக் கொடுத்தான் என்கிறார்களே, அந்த வாய்களில் ஒன்றாவது அந்த மலையிடுக்கை எட்டிப் பார்த்திருக்குமா? கடைசி வளைவில் கொடிக்காரன் கொடியே நடவில்லை. நட்டால்தானே தப்பாக நடுவதற்கு!

படம் வரைய வந்த சர்வேயர் மேலே விளிம்பில் கருவியோடு நிற்பார். இவன் கயிற்றில் இறங்கித் தண்ணீரோரம் கொடி பிடிப்பான். அதைப் பார்த்துப் பார்த்து அவர் ஆற்றை வரைவார். எட்டு மைல் அப்படியே போனது. கடைசி வளைவு மட்டும் இந்தப் பக்க விளிம்பிலிருந்து தெரியாது. கூடாரத்தை எதிர்ப்பக்கம் மாற்ற மூன்று நாள் ஆகும். சர்வேயருக்கோ ஊர் திரும்பும் அவசரம். உட்கார்ந்த இடத்திலேயே ஆற்றை நேர்கோடாக இழுத்துவிட்டார்.

இவன் சின்ன வயதிலிருந்து மீன் பிடித்த இடம் அது. சும்மா இருப்பானா?

"அய்யா, தண்ணி அங்க நேராப் போகல. ரெண்டு தரம் திரும்பிப் பாறையில முட்டுது. எறங்கிப் பாக்காம வரையாதீங்க."

அந்த மகராசன் அளவுகோலால் வாயிலேயே போட்டார். முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தன.

மறுவருடம் பாலம் கட்ட வந்தவர்கள் படத்தை நம்பித் தெப்பம் விட்டார்கள். இவன் ஓடிப்போய்த் தடுத்தான். படத்தில் இல்லாத வளைவு ஆற்றில் எப்படி வரும் என்று சிரித்தார்கள். பல் போனதிலிருந்து மச்சானுக்குப் பயம் என்று கேலி பேசிக்கொண்டே ஏறினான் இவன் மனைவியின் தம்பி. தெப்பம் பாறையில் சிதறி ஏழு பேரும் போனார்கள். மச்சினன் முகமில்லாமல் கரை ஒதுங்கினான். சட்டைப் பொத்தானை வைத்துத்தான் அக்காக்காரி அடையாளம் சொன்னாள்.

கொடி தப்பு என்று சர்வேயர் எழுதிக் கொடுத்தார். செத்தவர்களின் ஆட்கள் கதவை உடைத்து வந்து, கடப்பாரையால் இவன் வலது கையை முறித்தார்கள். மனைவி அடுப்படியை விட்டு வரவில்லை. அவளும் அந்தக் காகிதத்தை நம்பியிருந்தாள். அடியை விட அதுதான் அவனைக் கொன்றது.

கட்டுப் போடும்போதுதான் கேட்டாள். "நெசமாச் சொல்லுங்க. அங்க கொடி நட்டீங்களா?"

"அந்தாளு என்னை எறக்கவே இல்ல. அவரும் எறங்கல."

அவள் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அடுத்த மாதம் அதே சர்வேயர் வேறு படத்துக்காக வந்து கூடாரம் போட்டார். சேதி கேட்டதும் கொடிக்காரன் கயிற்றுச் சுருளை எடுத்தான். ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை. மனைவிதான் தூக்கி இடது தோளில் மாட்டிவிட்டாள்.

"ரெண்டு பேரு எறங்க இது தாங்குமா?"

"எறங்கத் தாங்கும்."

ஏறுவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஊரை விட்டு ஓடிப்போனான் என்றும் சொல்கிறார்களே! நடுப்பகலில், தெருவே பார்க்க, வாசலைத் தாண்டி சர்வேயரின் கூடாரத்துக்கு நடந்துதான் போனான்.