வாழைத்தாரும் வாபஸ் பட்டனும்

எங்கள் சர்ச் சபைக்கு ஒரு காணிக்கை ஆப் செய்வது என்று கமிட்டி முடிவெடுத்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெங்களூர் பிரேசர் டவுனில் ஐடி கம்பெனி ஆட்களுக்கா பஞ்சம்? கமிட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே மற்றவர்கள் எல்லாரும் தலைமறைவாகிவிட்டார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. தவிர, அம்மாவுக்காக அந்த ஆப் எனக்கும் தேவைப்பட்டது.

அந்த மழைக்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா காலைத் தரையில் வைக்க மறுத்தார். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார். வாங்கி வைத்த வாக்கரில் நாங்கள் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டோம்.

"இனிமே நா எங்க போகப்போறேன், நடக்கறதுக்கு?" என்பார். எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடி. படியிறங்கி சர்ச்சுக்குப் போவதெல்லாம் முடிந்த கதை என்று அவராகவே தீர்மானித்துவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தையே குரலால் அடக்கி வைத்திருந்த டீச்சர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அறுப்பதற்கு எங்களில் யாருக்கும் நிலம் இல்லை. ரசல் மார்க்கெட்டில் வாங்கியதைத்தான் முதல் விளைச்சல் மாதிரி பயபக்தியோடு கொண்டுபோய்ப் பீடத்தருகே வைப்போம். ஆராதனை முடிந்ததும் தேங்காய், பூசணி, கேக், கோழி எல்லாம் ஹாலில் ஏலத்துக்கு வரும். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் சாதாரண ஆள். "வாபஸ்!" என்று சத்தம் போட்டு, அதே பொருளை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பதுதான் கௌரவம். இப்படி ஒரே பொருள் பலமுறை விலைபோய் சபைக்கு வருமானம் தரும். எல்லாவற்றிலும் பெரிய மரியாதை வாழைத்தாருக்கு. அதற்கான போட்டி வருடா வருடம் அம்மாவுக்கும் சபைப் பொருளாளருக்கும்தான்.

பொருளாளர் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கோடையிலும் டை கட்டுவார். கமிட்டியில் முதலில் பேசியதும் அவர்தான்.

"ஆப் சிம்பிளா இருக்கணும்மா. சந்தா, காணிக்கை, ரசீது. அவ்ளோதான்."

"வீட்ல படுத்திருக்கறவங்களும் ஏலம் கேக்கற மாதிரி ஒண்ணு வைக்கலாம் அங்கிள்" என்றேன்.

"ஏலம் என்னம்மா காணிக்கையா? அது ஹால்ல நடக்கற கூத்து. அதுக்கெல்லாம் எதுக்கு ஆப்?"

எனக்குச் சுருக்கென்றது. "உங்களோட போட்டி போடற ஆளு இந்த வருஷம் வர முடியாது. சும்மா எடுத்துக்கலாம்னு பாக்கறீங்களா?"

சபைக் குருவான ஆயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செஞ்சு காட்டட்டும், பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

என் ஆபீஸ் தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளைத் தியாகம் செய்து ஒரு மாதிரியை உருவாக்கினேன். ஏலம் கேட்பவர் போனில் தொகையை அழுத்தினால், ஹாலில் பாட்டு வரிகள் காட்டும் திரையில் அவர் பெயரும் தொகையும் வரும். அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க ஆயரின் பழைய குடையை மேஜைமேல் வைத்தோம். கமிட்டிக்காரர்கள் போனும் கையுமாக உட்கார்ந்தார்கள்.

"இது சும்மா டெஸ்ட்" என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். ஆனால் ஏலம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் காது கேட்காது. பாடகர் குழுத் தலைவர் ஒரு தொகையை அழுத்தினார். பொருளாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூட்டினார். தலைவரும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குடைக்கடையையே வாங்கும் விலைக்குப் போய்விட்டார்கள்.

"அங்கிள், இது டெஸ்ட்..."

"தெரியும், நீ சும்மா இரும்மா!"

குடை பொருளாளருக்கே விழுந்தது. எழுந்து நின்று, பழக்கதோஷத்தில் "வாபஸ்!" என்று முழங்கினார். ஆயர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் மானஸ்தர். தான் அழுத்திய தொகையை அங்கேயே கட்டினார். ஏல வசதி ஒருமனதாக நிறைவேறியது.

"வாபசுக்கும் ஒரு பட்டன் வெச்சிடறேன் அங்கிள்" என்றேன், வெற்றி மிதப்பில்.

அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. "வித்தது வித்ததுதான். பட்டன தட்டித் தட்டித் திருப்பிக் குடுத்தா குளறுபடியாயிடும். வாபஸ்னா நேர்ல நின்னு வாயால சொல்லட்டும்."

நான் விட்டுக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்திருந்த முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டது.

பண்டிகையன்று ஹாலில் திரையைத் தோழி பார்த்துக்கொண்டாள். நான் வீட்டில் லேப்டாப்பில் ஏலத்தை நேரலையாக ஓடவிட்டு, போனை அம்மாவின் கையருகே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். பூசணி போயிற்று, கோழி போயிற்று. அம்மா அசையவில்லை. என் வேலையெல்லாம் வீண் என்றே நினைத்தேன். வாழைத்தார் வந்தது. பொருளாளர் குரல் கணீரென்று ஒரு தொகை சொன்னது. எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

"ஒரு தரம்..."

அம்மாவின் தலை திரும்பியது. "இவ்ளோ கொறச்சலா கேக்கறாரு? என் கண்ணாடி எங்க?"

அம்மாவின் விரல் போனில் பட்டதும் திரையில் அவர் பெயர் விழுந்தது. ஹாலில் கிளம்பிய ஆரவாரத்தில் லேப்டாப் அதிர்ந்தது. பெண்கள் பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. பொருளாளர் கூட்டினார். அம்மா கூட்டினார். எப்போது தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றாம் தரம் சொல்லி முடித்தபோது வாழைத்தார் எங்களுடையது. நான் கட்டிலைச் சுற்றி ஆடியே விட்டேன்.

சற்று நேரத்தில் படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். டையும் கோட்டுமாக, தோளில் வாழைத்தாரோடு பொருளாளரே ஏறி வந்துகொண்டிருந்தார். பட்டன் இல்லாததால் இந்த முறை அம்மாவால் திருப்பிக் கொடுக்க முடியாது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"வாக்கர்ல கெடக்கற துணியெல்லாம் எடு" என்றார் அம்மா.

நான் தாங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். கால் நடுங்கியது, ஆனால் தரையில் நின்றது. கட்டிலிலிருந்து வாசல்வரை உள்ள தூரத்தை நான் அதற்குமுன் அவ்வளவு நீளமாக நினைத்ததில்லை. நான் அழுதுகொண்டே பின்னால் நடந்தேன்.

கதவைத் திறந்தபோது பொருளாளர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். தோளிலிருந்த தாரை இறக்கக்கூட மறந்துவிட்டார்.

"அக்கா... நடக்கறீங்களா!"

"நேர்ல நின்னு வாயால சொல்லணும்னு சொன்னீங்களாமே தம்பி" என்றார் அம்மா. வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு, பழைய டீச்சர் குரலில், மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வாபஸ்!"